கண்ணோரத்து நிறம்

பழைய கார்களைத் திருத்தி எடுப்பவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: 'ஒறிஜினல்'. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் மாதக்கணக்கில் சண்டை பிடிப்பார்கள். சண்டை பெரிய விஷயங்களில் வருவதில்லை. எஞ்சினில், கியர்ப்பெட்டியில், பிறேக்கில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். கதவுக் கைபிடியின் திருகாணி, கால்மிதியின் றப்பர், இருக்கையின் தையல், சீற் பெல்ற்றின் நிறம் என்று வரும்போதுதான் குரல் உயரும். நாங்களும் ஒரு சீற் பெல்ற்றின் நிறத்தைப் பற்றி எட்டு மாதங்கள் வாதாடியிருக்கிறோம். கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளின் கலியாணக் கடனையும் வீட்டுக் கடனையும் கட்டிக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு இது தேவையா என்று எங்கள் வீடுகளிலேயே கேட்டார்கள். அந்த எட்டு மாதமும் உண்மையில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்கே பிறகுதான் விளங்கியது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒருவர் கணக்காளர். ஒருவர் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்றவர் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். நாலாமவர் றைவர் அண்ணை. எழுபதைத் தாண்டியவர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் வாடகைக் கார் ஓட்டியவர். "எழுதுங்கோ, ஆனா என்ர பேர் போடாதேங்கோ. உங்கட 'நாங்கள்' எண்டதுக்குள்ளயும் என்னைச் சேர்க்காதேங்கோ" என்று சொன்னபடியால் அவரை வெளியே நிறுத்தி எழுதுகிறோம்.

கார், 1967ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. நாலு கதவு, சாம்பல் நிறம், சிவப்பு ரெக்சின் இருக்கைகள். வடமேற்கு லண்டனில், ஹரோவுக்கும் றெயினர்ஸ் லேனுக்கும் இடையில், ஒரு வீட்டு முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் பல வருடம் கிடந்தது. நாலு பேரும் காசு போட்டு வாங்கி, ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தோம்.

*

ஏன் மைனர் என்று கேட்கவேண்டியதில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடிய கார்களில் பாதிக்குப் பெயர் தெரியாதவர்கள் எங்களில் குறைவு. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஏ-40 சோமசெற், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், மொரிஸ் மைனர். டொக்ரர் வைத்திருப்பார், தலைமை வாத்தியார் வைத்திருப்பார், சந்தியில் வாடகைக்கு நிற்கும். பொம்பிளை மாப்பிள்ளையும் அதில்தான் போவார்கள். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கும் அதில்தான்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லாமல் போயிற்று. பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருந்தன. புதிய கார்கள் வீட்டில் படுத்தன. இந்தப் பழைய கிழங்கள்தான் எழும்பி ஓடின. ஒரு சிறிய போத்தலில் உயிரைப்போல வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். தெரு முழுக்கப் புகை. மண்ணெண்ணெய் மணக்க மணக்கக் கலியாண ஊர்வலம் போகும்; அதே மணத்தோடு செத்தவீட்டுக்கும் போகும். அந்த எஞ்சின்களின் அழுத்தம் குறைவு. அதனால் கண்டதையும் குடித்துக்கொண்டு ஓடின. நுணுக்கமாகச் செய்யப்பட்ட புதிய எஞ்சின்களுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

அதே தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைத் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து எடுக்கத் தொடங்கியிருந்தார். தீவின் ஒரு பக்கத்தில் மைனரின் தகடுகள் அடித்துக் கப்பலேற்றப்பட்டன. மறுபக்கத்தில் மைனர் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டிருந்தது. அதே வருடங்களில் நாங்கள் மூன்று பேரும் லண்டனில் பெற்றோல் ஸ்ரேசன்களில் இரவு வேலை செய்தோம். ஊரில் போத்தல் கணக்கில் இருந்த பொருளை இங்கே கலன் கணக்கில் விற்று, அந்தக் காசில் ஊருக்கு உண்டியல் அனுப்பினோம்.

இவ்வளவும் சேர்ந்ததுதான் எங்களுக்கு மைனர். ஆகவே 'ஒறிஜினல்' என்று நாங்கள் சொன்னபோது, 1967இல் ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கவ்லி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த காரை நினைக்கவில்லை. எங்கள் சந்தியில் நின்ற காரைத்தான் நினைத்தோம்.

அந்த நினைப்புக்கு முதல் அடி இலக்கத் தகட்டில் விழுந்தது. கணக்காளர், தன் தகப்பனாரின் காரில் இருந்த இலக்கத்தை அப்படியே எழுதிக் கண்காட்சிகளுக்குப் போகும்போதாவது மாட்டவேண்டும் என்றார். றோட்டில் ஓடும்போது அதற்குச் சட்டம் விடாது; நிறுத்தி வைக்கும்போது மாட்டலாம்தானே என்றார். இலக்கம் அவருக்கு மனப்பாடம். அதில் ஒரு ஸ்ரீ இருந்தது. "எந்த ஸ்ரீ?" என்று தபால்காரர் கேட்டார். கராஜ் அமைதியாகிவிட்டது.

1957 தொடக்கத்திலிருந்து இலங்கையின் வாகன இலக்கங்களில் சிங்கள எழுத்தில் ஸ்ரீ போடவேண்டும் என்று வந்தது. 1958 மார்ச்சில், அந்த எழுத்தோடு புதிதாகத் தேசியமயமான பஸ்கள் வடக்கே வந்தபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. சனங்கள் சிங்கள ஸ்ரீயைத் தார் பூசி அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். கணக்காளரின் தகப்பனார் கார் வாங்கியது அதற்குப் பிறகு, அறுபதுகளில். அவருடைய தகட்டில் இருந்தது சட்டம் சொன்ன ஸ்ரீதான். தகப்பனாரின் காரை அப்படியே கொண்டுவருவதென்றால் அந்த எழுத்தையும் கொண்டுவரவேண்டும். தமிழ் ஸ்ரீயை எழுதினால் அது தகப்பனாரின் காராக இருக்காது. தகடு எழுதப்படவேயில்லை.

*

இந்தக் காரை உருவாக்கியவரைப் பற்றி வாசிக்கும்வரை மைனரை நாங்கள் சுத்தமான இங்கிலாந்துப் பொருள் என்றுதான் நினைத்திருந்தோம். வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிராமத்துத் தாதி, பாதிரியார், பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூட ரீச்சர் என்று அவர்களுடைய நினைவிலும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது.

அலெக் இசிகோனிஸ் 1906இல் ஸ்மேர்னாவில் பிறந்தவர். இன்று துருக்கியில் இஸ்மீர் என்று அழைக்கப்படும் துறைமுகம். தகப்பன் கிரேக்க வம்சம், பிரித்தானியப் பிரஜை. 1922 செப்ரெம்பரில் துருக்கியப் படைகள் நகரைப் பிடித்தபோது, பிரித்தானியப் பிரஜைகளைக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் குடும்பம் மோல்ட்டாவில் இறங்கியது. நோயாளியாக இருந்த தகப்பன் அதற்குப் பிறகு எழும்பவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையும் தாயும் 1923இல் லண்டனுக்கு வந்தார்கள். பிள்ளை பற்றர்சீ பொலிரெக்னிக்கில் எஞ்சினியரிங் படித்தது. கணக்குப் பாடத்தில் மூன்று தரம் பெயில். எங்கள் சனத்தில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோமோ என்று தோன்றும். ஊர்களின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

இப்படி வந்த மனிதர் செய்த கார்தான் 1948 ஒக்ரோபரில் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொரிஸ் மைனராக வந்தது. கொம்பனியின் முதலாளி நபீல்ட் பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீரில் உடைத்து அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதாகக் கதை. அந்த முட்டைதான் பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரித்தானியக் கார் ஆயிற்று.

'ஒறிஜினல்' பற்றி வாதாடுபவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. உற்பத்தி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னர், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று இசிகோனிசுக்குப் பட்டது. மாதிரிக் காரை நடுவால் நெடுக்காக அறுத்து இரண்டாக்கி, இடையை விலத்தி விலத்திப் பார்த்து, நாலு அங்குலத்தில் நிறுத்தினார். மைனரின் பொனற்றின் நடுவே ஓடும் அந்தப் பட்டை, பிறகு சேர்த்த நாலு அங்குலத்தின் தழும்பு. பம்பர்களை முன்னமே அடித்து வைத்துவிட்டார்கள். ஆகவே முதல் கார்களில் பம்பரையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்தார்கள். பிறகு அமெரிக்காவின் விதிக்காக முன் விளக்குகளைத் தூக்கி மட்கார்ட்டுக்கு மேலே வைத்தார்கள். பக்கத்திலிருந்து கை மாதிரி எழும்பும் திசைகாட்டியை 1961இல் எடுத்துவிட்டு மினுங்கும் விளக்குகளைப் போட்டார்கள். பத்து லட்சமாவது காரின் நினைவாக 350 கார்களுக்குக் கொம்பனியே இளம் ஊதா நிறம் அடித்தது. எந்த ஆண்டு மைனரை 'அசல்' என்று சொல்வது?

*

இனிப் பெல்ற்றுக்கு வருவோம்.

எங்கள் சந்தியில் நின்ற மைனரில் பெல்ற் இருக்கவில்லை. தபால்காரரின் முதல் வாதம் அதுதான்: ஊரில் இருந்த மாதிரி வேண்டுமென்றால் பெல்ற்றைக் கழற்றி எறியுங்கள். ஆனால் இங்கே 1965 ஜனவரி 1க்குப் பிறகு பதிவான கார்களின் முன் இருக்கைகளில் பெல்ற் இருந்தே ஆகவேண்டும். எங்கள் கார் 1967. நாற்பது வருடம் தாண்டிய கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.ரி. பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் காரை ஒழுங்காக வைத்திருக்கும் பொறுப்பு அதனால் போய்விடாது. வருடா வருடம் ஒருவன் வந்து இழுத்துப் பார்ப்பதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்தப் பொறுப்பு எங்கள் தலையில்.

பெல்ற் எங்களுக்கு அறிமுகமான விதமே வேறு. மூன்று இடத்தில் பிடிக்கும் இன்றைய பெல்ற்றை சுவீடனில் வொல்வோ கொம்பனியில் நில்ஸ் போலின் 1959இல் செய்தார். அதற்கு முதல் அவர் விமானத்திலிருந்து விமானியை வெளியே எறியும் ஆசனங்களைச் செய்துகொண்டிருந்தவர். மனிதனை எறிவதில் இருந்து மனிதனைப் பிடித்து வைப்பதற்கு வந்தார். வொல்வோ அந்த உரிமையைப் பூட்டி வைக்காமல் மற்றக் கொம்பனிகளும் செய்ய விட்டது. பிரித்தானியாவில் முன் இருக்கையில் இருப்பவர்கள் பெல்ற் கட்டவேண்டும் என்ற சட்டம் 1983 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் ஆடி மாதத்தில் கொழும்பில் என்ன நடந்தது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே எங்கள் சனம் கூட்டமாக வந்திறங்கிய நாட்டில், பெல்ற் கட்டுவது அப்போதுதான் பழக்கமாகிக்கொண்டிருந்தது. ஹீத்ரோவிலிருந்து கூட்டிக்கொண்டு போன சொந்தக்காரர் எங்கள் நெஞ்சுக்குக் குறுக்கே அதை இழுத்து மாட்டி, "கட்டு, இல்லாட்டிப் பொலிஸ் பிடிப்பான்" என்றார். உயிர் காக்கும் பொருளாக அது எங்களுக்கு அறிமுகமாகவில்லை. பொலிசுக்குக் காட்டவேண்டிய இன்னொரு கடுதாசி மாதிரித்தான் அறிமுகமாயிற்று. இலங்கையில் முன் இருக்கைக்கு அது சட்டமாக 2011 வரை சென்றது.

எங்கள் காரில் கிடந்த பெல்ற்றுகள் தானாகச் சுருளாதவை. கையால் இழுத்து அளவு வைத்து, கழற்றியதும் கொழுக்கியில் தொங்கவிடவேண்டும். ஊத்தையாக இருந்தன. கழுவிப் பார்த்தால் சாம்பல் நிறம். கணக்காளர் சிவப்பு வேண்டும் என்றார், இருக்கைக்குப் பொருந்த. தபால்காரர் இருந்த சாம்பலே இருக்கட்டும் என்றார். போர்க்லிப்ட்காரர், கறுப்பைப் போட்டு வேலையை முடியுங்கள், உலகம் முழுக்கக் கறுப்புத்தானே என்றார்.

சிவப்புச் சாயம் வாங்கி, சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பழைய பெல்ற்றையே அதில் போட்டு எடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. நல்லகாலமாக, அதற்கு முதல் லண்டனுக்கு வெளியே பெல்ற் தைக்கும் ஒரு சிறிய பட்டறைக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கிருந்தவர் வயதான வெள்ளைக்காரர். பெல்ற்றை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு நகத்தால் அதன் கரையைச் சுரண்டினார். நகத்தில் மாவு மாதிரி ஒட்டியது. அது நூல்.

அவர் சொன்னதையும் நாங்கள் பிறகு வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறோம். பழைய காரோடு மினக்கெடும் வாசகர்களுக்கு உதவும்.

இன்றைய பெல்ற் பொலியெஸ்ரர். அதற்கான சாயம் தொழிற்சாலையில் இருநூறு பாகை அளவு சூட்டில் நூலுக்குள்ளே புகுத்தப்படுகிறது. வீட்டுச் சட்டியில் தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும். சாயம் மேலோடு நின்றுவிட்டுப் பிறகு வெள்ளைச் சேட்டில் இறங்கும். பழைய பெல்ற்றுகளில் நைலோனும் உண்டு. நைலோன் சாயத்தை நன்றாகக் குடிக்கும். அதுதான் கூடிய ஆபத்து. நிறம் அழகாக மாறிவிடும், பார்த்தால் புதிது மாதிரி இருக்கும், உள்ளே நூல் ஐம்பது வருட வெயிலில் செத்துப்போயிருக்கும். கடும் நிறத்திலிருந்து இளம் நிறத்துக்கு வரவேண்டுமென்றால் முதலில் பழைய நிறத்தை வெளுக்கவேண்டும். வெளுக்கும் மருந்து நூலையும் தின்னும்.

ஐரோப்பிய விதியின்படி பெல்ற்றின் பட்டி, ஆயிரம் கிலோ அளவு பாரத்தில் இழுபடும்போதும் 46 மில்லிமீற்றர் அகலத்துக்குக் குறையக்கூடாது. ஒன்றரைத் தொன் பாரத்துக்கு முதல் அறக்கூடாது. வெயிலைத் தாங்குமா என்று பார்க்க இன்னொரு சோதனை செய்கிறார்கள். பட்டியோடு சேர்த்து, நீலச் சாயம் போட்ட ஒரு நியமத் துணியையும் வெளிச்சத்தில் வைப்பார்கள். அந்த நீலம் குறித்த அளவுக்கு மங்கியதும் பட்டியை எடுத்து இழுத்து அறுப்பார்கள். அப்போதும் முன்னைய பலத்தில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கவேண்டும். ஒன்றரைத் தொன்னும் தாங்கவேண்டும். அதாவது அங்கே வெயிலின் கடிகாரம் ஒரு நிறம். எவ்வளவு காலம் வெயிலில் கிடந்தது என்பதை மங்கிய நிறத்தை வைத்துச் சொல்கிறார்கள். மங்கிய பெல்ற்றுக்குச் சாயம் பூசுவதென்றால் அந்தக் கடிகாரத்தின் முள்ளைக் கையால் திருப்பிவிடுவது மாதிரி.

ஆகவே நிறத்தை மாற்றுவதென்றால் பட்டியையே மாற்றவேண்டும். பட்டறைக்காரர் கொக்கிகளைப் பார்த்தார். ஒன்றின் வில் துருப்பிடித்திருந்தது. அதைத் திரும்பப் போடமாட்டேன் என்று மேசையின் ஒரு பக்கத்தில் ஒதுக்கிவிட்டார். மற்றவற்றை எடுத்துச் சோதித்து, புதிய பட்டியை அவருடைய மெசினில் தைத்து, முத்திரை போட்டுத் தருவதாகச் சொன்னார். பிறகு ஒரு அட்டையை நீட்டினார். அதில் முப்பதுக்கு மேற்பட்ட நிறங்களில் பட்டித் துண்டுகள் ஒட்டியிருந்தன. நாங்கள் மூன்று நிறத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

*

அட்டை கராஜ் மேசையில் ஆறு கிழமை கிடந்தது. றைவர் அண்ணை அதுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. எஞ்சின் வேலை முழுக்க அவருடையது. காதைக் கொடுத்துக் கேட்டே வால்வைச் சரிசெய்வார். பெல்ற் கதை தொடங்கினால் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். ஊரில் வண்டி ஓட்டிய ஆள், அவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் கணக்காளர் நேரே கேட்டார்: "அண்ணை, உங்கட காலத்தில பெல்ற் இல்லாமல் பயமில்லையோ?"

"முறிகண்டிப் பிள்ளையார்தான் தம்பி எங்களுக்குச் சீற் பெல்ற்" என்றார் அவர். நாங்கள் சிரித்தோம். ஏ-9 பாதையில் போனவர்களுக்குத் தெரியும். எந்த வாகனமும் முறிகண்டியில் நிற்காமல் போகாது. தேங்காய் அடித்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகும்.

அவர் சிரிக்கவில்லை.

"எழுபத்தொன்பதாம் ஆண்டு. சோமசெற் வச்சிருந்தனான். கொழும்பில ஒரு குடும்பத்தை ஏத்த வெறுங்காரோட போறன். தம்பி முன்னுக்கு இருந்தவன். பத்தொன்பது வயசு. பேச்சுத்துணைக்குக் கூட்டிக்கொண்டு போனது. அவன் பரந்தன் தாண்டவே நித்திரை. முறிகண்டியில எழுப்பித் தேங்காய் அவனைக் கொண்டுதான் அடிப்பிச்சனான். அரை மணித்தியாலம் ஆகேல்லை. மாங்குளம் கழிய, விடியப்புறம், மாடு ஒண்டு. வெட்டினன். ரண்டு சுத்துச் சுத்தி நிண்டுது. எனக்குக் கையில சின்னக் காயம். நான் ஸ்ரேறிங்கைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்தானே. கார் நிண்டாப்பிறகும் நான் முன்னுக்குத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன். மாடு எங்க எண்டு பாக்கிறன். பிறகு 'டேய், பயந்திட்டியோ' எண்டு கேட்டுக்கொண்டு திரும்பிறன். சீற்றில ஆள் இல்லை. கதவு திறந்து கிடக்குது."

தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார்.

"எப்ப போனவன் எண்டு எனக்குத் தெரியாது. முதல் சுத்திலயோ, ரண்டாம் சுத்திலயோ. பக்கத்தில இருந்தவன். எனக்குத் தெரியாது."

எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கதையை, ஏறக்குறைய முப்பது வருடம் பழகியும், அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு எங்கள் நாட்டில் சாவு வேறு வழிகளில் வந்தது. அவ்வளவு பேர் செத்த இடத்தில் ஒரு றோட்டு விபத்தைச் சொல்வதற்கு அவருக்கு நா எழவில்லையாக்கும். ஷெல்லில் செத்தவனுக்குக் கணக்கிருக்கும். மாட்டில் செத்தவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பிறகு அவர் அந்த அட்டையை எடுத்தார். விரலை ஒவ்வொரு துண்டாக நகர்த்தி, ஒன்றில் நிறுத்தினார். கடும் செம்மஞ்சள். தேங்காய்ப்பூக் கீரைக்குள் கிடந்த மிளகாய்ப்பழம் மாதிரி, அத்தனை நிறத்துக்குள்ளும் கண்ணைக் குத்தியது.

"இதைப் போடுங்கோ. சிவப்பெண்டால் சீற்றோட சேர்ந்துபோம். கறுப்பெண்டால் இருட்டோட. சாம்பல் உடுப்போட. நான் ஓடேக்க முன்னுக்குத்தான் பாக்கவேணும். பக்கத்தில இருக்கிற ஆள் கட்டியிருக்கோ, இருக்கோ எண்டு திரும்பிப் பாக்கக்கூடாது. கண்ணோரத்தில தெரியவேணும்."

கணக்காளர் வாயைத் திறந்தார், மூடிவிட்டார். போர்க்லிப்ட்காரர்தான் முதலில் பேசினார். அவருடைய களஞ்சியத்தில் வாகனங்களில் இருப்பதும் அதே நிறப் பெல்ற்தான் என்றார். கட்டட வேலை இயந்திரங்களிலும் அதைக் காணலாம். தூரத்தில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு, ஓட்டுபவன் கட்டியிருக்கிறானா இல்லையா என்று தெரிவதற்காகத்தான் அந்த நிறம். வருடக்கணக்காகத் தினமும் அதை நெஞ்சில் மாட்டிக்கொண்டிருந்தும், மைனருக்கு என்று வந்தபோது அவருக்குக் கறுப்புத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. களஞ்சியம் வேறு, ஊர்க் கார் வேறு என்று மனம் பிரித்து வைத்திருந்தது.

எங்கள் மூவருக்கும் நிறம் என்பது கண்ணுக்கு முன்னால் இருப்பது. வெளியே நின்று பார்க்கும் ஒரு படத்துக்குள் அது பொருந்தவேண்டும். சந்தியில் நின்ற காரை நாங்கள் எல்லோரும் வெளியே நின்று பார்த்தவர்கள். பின் சீற்றில் மடியில் இருந்து போனவர்கள். அவர் ஒருவர்தான் அதை உள்ளே இருந்து ஓட்டியவர்.

*

பெல்ற்றுகள் தைத்து வந்தன. பூட்டும்போது ஒவ்வோர் ஆணியையும் றைவர் அண்ணை தன் கையால் இறுக்கினார். பிறகு இடது இருக்கையில் எங்களை ஒவ்வொருவராக ஏற்றி, கட்டச் சொல்லி, தான் வலது பக்கத்தில் இருந்து முன்கண்ணாடியால் நேரே பார்த்தார். காரை ஸ்ராட் பண்ணவில்லை. "ம், தெரியுது" என்று மட்டும் சொன்னார்.

போன கோடையில் மிடில்செக்ஸ் பக்கம் ஒரு பூங்காவில் பழைய கார்கள் கூடிய இடத்துக்குக் கொண்டுபோனோம். சனம் சுற்றி நின்று பார்த்தது. பொனற் பட்டையைத் தடவிப் பார்த்தார்கள், இருக்கையை மெச்சினார்கள். பெல்ற்றைக் கண்டதும் முகம் கொஞ்சம் சுருங்கும். ஒரு கனவான் மிகவும் பணிவாக, இந்த நிறம் மைனரில் ஒருபோதும் இருந்ததில்லை என்று விளக்கினார். அவர் சொன்னது சரி. கவ்லியிலும் இருக்கவில்லை, யாழ்ப்பாணத்திலும் இருக்கவில்லை. நாங்கள் ஓம் என்றோம். எங்கள் காரில் ஊரைச் சேராததும் தொழிற்சாலையைச் சேராததுமான பொருள் அது ஒன்றுதான். லண்டனில், ஒரு வாடகைக் கராஜில், எங்களுக்குள் பேசி நாங்களே முடிவெடுத்த ஒன்று. அந்தக் கனவானிடம் மாங்குளத்தைப் பற்றிச் சொல்ல ஆங்கிலம் எங்களிடம் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை.

இப்போது பின் இருக்கை வேலை மிச்சம் இருக்கிறது. 1967ஆம் ஆண்டுக் காரின் பின் இருக்கைக்குப் பெல்ற் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனால் தபால்காரரின் பேத்திக்கு அடுத்த மாதம் நாலு வயது. தாத்தாவின் காரில் ஏறவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைப் பெல்ற் இல்லாத பழைய காரின் பின் இருக்கையில் ஏற்றலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. றைவர் அண்ணை இடம் கொடுக்கவில்லை. சக்கர வளைவுக்குப் பக்கத்தில் தகரம் மெல்லியது. ஆணி பூட்டும் இடத்தில் பின்னால் தடித்த தகடு வைத்து ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் பெல்ற் நிற்கும், தகரம் பிய்ந்துவரும். அதற்குத் தகடு வெட்டிக்கொண்டிருக்கிறோம். பட்டி பட்டறையில் சொல்லியாயிற்று. என்ன நிறம் என்று இந்தமுறை ஒருவரும் கேட்கவில்லை.